அத்தையின் கத்திக்கு உறை தைத்த கதை

எங்கள் சந்தில் முதன்முதலாகப் பிளாஸ்டிக் பக்கெட் வாங்கியவர்கள் நாங்கள்தான். இதை நான் இன்றைக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். பெங்களூர் பிரேசர் டவுனில், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் எட்டு வீடுகள் வரிசையாக நின்ற சந்து அது. எட்டு வீட்டிலும் தகர வாளி, இரும்பு வாளி, கொஞ்சம் வசதியாக இருந்தால் பித்தளை. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் சித்தப்பா சிவாஜிநகரிலிருந்து பச்சை நிற பக்கெட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிக்கொண்டு என்று சொல்வதே தப்பு. சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வந்தார். அப்படியே சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நடந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி முகர்ந்துகூடப் பார்த்தாள். அம்மாவுக்கு மட்டும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. கனமில்லாத சாமான் என்ன சாமான் என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை வந்ததும் மற்ற பாத்திரங்களோடு அதையும் உட்கார வைத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். பித்தளை பளபளத்தது, பக்கெட் மங்கிப்போனது. சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பக்கெட்டின் ஆயுள் மார்கழியில் முடிந்தது. பெங்களூர்க் குளிரில் வெந்நீர் இல்லாமல் யாரும் குளிக்க மாட்டோம். அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை முதலில் வாளியில் ஊற்றிவிட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவது எங்கள் வீட்டு வழக்கம். இரும்பு வாளி காலத்து வழக்கத்தைப் பக்கெட்டுக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. கொதிநீர் விழுந்ததும் பக்கெட்டின் அடி இட்லி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. பதறிப்போய்த் தூக்கினாள். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் வீட்டில் வெந்நீர் என்று யார் சொன்னாலும் அம்மாவின் முகம் சுருங்கும். தூக்கிப் போடவும் மனசு வராமல், உடைந்த பக்கெட்டைக் கொல்லைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தோம்.

இனி அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். அங்கே தண்ணீர் உப்பு என்றார்கள். நானும் நம்பினேன். அப்பா மட்டும் எல்லோரும் இருக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார். கையில் ஒரு வேலை இருக்கிற வரைக்கும் அவள் இங்கே இருக்கலாம், வேலை நின்றால் புருஷன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அத்தை சரி என்று தலையாட்டிவிட்டு ஒரே வாரத்தில் வேலை தேடிக்கொண்டாள். ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாவில் சமையல். அங்கே இருந்தது இரண்டே பேர். எழுந்து நடமாட முடியாத ஒரு வயதான அம்மாள், அந்த அம்மாளின் மருமகன். மகள் இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்த வேலைக்குப் போக ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். அத்தை தன் ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். ஒரு சாண் நீளம், மரப்பிடி, நுனி கூர். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் காய் நறுக்க அரிவாள்மனைதான். அத்தையும் வீட்டில் அதில்தான் உட்காருவாள். அவள் கத்தி பிடித்து ஒரு கத்தரிக்காயைக்கூட நறுக்கி நான் பார்த்ததில்லை. கேட்டேன்.

"அங்கெல்லாம் நின்னுக்கிட்டுத்தான் நறுக்கணும்டி" என்றாள்.

"அந்த வூட்டுலே கத்தி இல்லியா?"

"இது என் கைக்குப் பழகினது."

இந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கூட்டம். துணியில் சுற்றியிருந்த கத்தி, துணியையும் பையையும் குத்திக்கொண்டு வெளியே வந்து, பக்கத்தில் நின்ற ஆபீஸ்காரர் ஒருவரின் பேன்டை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுத்தமாகக் கிழித்துவிட்டது. ஆளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் பாதி பேன்டோடு ஆபீசுக்குப் போகிற மனுஷனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? பஸ்ஸே கூடிவிட்டது. கண்டக்டர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். "பேடம்மா இதெல்லா, வேணாம். நாளைக்கு இந்த மாதிரி கத்தியோட வந்தா பஸ்லே ஏத்த மாட்டேன்."

அன்று சாயந்திரம் அம்மா, "அந்தக் கத்திய வூட்டுலேயே வெச்சுட்டுப் போயேன். அவங்க கிட்டே இல்லாததா?" என்றாள். அத்தை, "அது இல்லாம அங்கே போக மாட்டேன் அண்ணி" என்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வற்புறுத்தவில்லை.

மறுநாளிலிருந்து அத்தை நடந்தே போனாள். பிரேசர் டவுனிலிருந்து ரிச்மண்ட் டவுன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலைக் காபி தாமதமாகிறது என்று அந்த வயதான அம்மாள் இரண்டு நாள் பொறுத்தாள், மூன்றாவது நாள், இப்படியே போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு ஆள் என்றால் கோலார் தங்கவயல். எங்களுக்கெல்லாம் அது தெரியும். கத்தி இல்லாமல் அத்தை போக மாட்டாள், கத்தியோடு பஸ் ஏற்றாது.

சித்தப்பா சிவாஜிநகரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கடையில் வேலை பார்த்தார். உலகத்தில் உடைந்த சாமான் எதுவும் கிடையாது, சரியான ஆள் கையில் கிடைக்காத சாமான்தான் உண்டு என்று நினைக்கிறவர். அத்தையின் கஷ்டத்தைக் கேட்டதும் அவர் கண் கொல்லைச் சுவருக்குப் போனது.

"அந்தப் பக்கெட்டு சும்மாத்தானே தொங்குது" என்றார்.

தோலில் உறை செய்தால் ஊறிப்போகும், துணி என்றால் கிழியும், பிளாஸ்டிக்தான் சரி என்று அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை ஆரம்பமாயிற்று. ஆக்சா பிளேடால் பக்கெட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு பட்டையை அறுத்தார். அது வளைந்து வளைந்து நின்றது. அதை நேராக்க, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்து, பிளாஸ்டிக்கின்மேல் பக்கத்து வீட்டுக் கன்னடப் பேப்பரை விரித்து, மேலே தேய்த்தார். பேப்பரை உரித்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். பேப்பரில் இருந்த எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தன, இடம் வலம் மாறி. ஓடிப்போய் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் கன்னடம் எனக்கு இரண்டாம் பாடம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூந்தல் தைல விளம்பரம்.

சூடு ஆறுவதற்குள் சித்தப்பா பட்டையைக் கத்தியைச் சுற்றி மடித்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்தார். அரை மணி நேரம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குழவியை எடுத்தால், உறை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கத்திதான் வெளியே வரவில்லை. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கி இரும்பைக் கவ்விக்கொண்டுவிட்டது. சித்தப்பா பிடியை இழுத்தார். அப்பா உறையை இழுத்தார். அப்பாவின் இடுப்பைப் பிடித்து நான் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பார்த்தியா, எவ்ளோ உஷாரா புடிச்சிக்கிச்சு" என்றார் சித்தப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆமா. உறையோட சேத்தே வெங்காயம் நறுக்கறேன்" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். கடைசியில் ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து அதில் போட்டுத்தான் கத்தியை விடுவித்தோம். அப்போது அத்தை சித்தப்பாவிடம் ஒன்று சொன்னாள். "பாருடா, இப்படி இடுப்புலே சொருகிக்கிட்டா, இந்த ஒரு கையாலே இழுத்தா வரணும். ஒரே இழுப்பு. இன்னொரு கை கூடாது." சொல்லிவிட்டு, வலது கையை இடது இடுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஏங்க்கா, கத்திச் சண்டைக்கா போறே?" என்றார் சித்தப்பா.

அத்தை சிரிக்கவில்லை. அம்மா முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த அரிசியில் அன்று அவ்வளவு கல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னையும் பங்களாவுக்கு அழைத்துக்கொண்டு போவாள். என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிறும் கூடவே நடந்தேன். பங்களா சமையலறை எங்கள் வீடு முழுவதையும் விடப் பெரியது. சுவரில் ஒரு பலகை, அதில் கத்திகள் வரிசையாக மாட்டியிருந்தன. எண்ணினேன், ஆறு. எல்லாம் எலும்புப் பிடி போட்டவை, பார்க்கவே ஷோக்காக இருந்தன. இவ்வளவு கத்தி இருக்கும்போது நம் அத்தைக்கு இருக்கிற பிடிவாதத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த மருமகன் சமையலறை வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பவுடர் வாசனை, மெதுவான பேச்சு. நான் எந்த வகுப்பு என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்றேன். ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். எங்கள் சித்தப்பா பக்கெட்டில் கத்திக்கு உறை செய்கிறார் என்று நானாகவே சொன்னேன். "உறையா?" என்று கேட்டுச் சிரித்தார், அத்தையைப் பார்த்து. அத்தை திரும்பவில்லை. நறுக்கிக்கொண்டே இருந்தாள். பீன்ஸ் தீர்ந்துபோயிற்று. அப்போதும் நிறுத்தாமல், நறுக்கியதையே திரும்ப நறுக்கினாள். அவர் நிற்க நிற்க பீன்ஸ் பொடியாகிக்கொண்டே போயிற்று. அவர் போன பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன் அத்தே இவ்ளோ பொடியா?" என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்குப் பல்லு இல்லே" என்றாள்.

அந்த மருமகனை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது உறையைச் சித்தப்பா தைத்தார். பட்டையை மடித்து, கோணூசியைத் தணலில் சிவக்கக் காய்ச்சி, விளிம்பில் வரிசையாக ஓட்டை போட்டு, செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய மெழுகு நூலால் தைத்தார். ஒவ்வொரு ஓட்டைக்கும் புகை கிளம்பி வீடே நாறியது. உறை அழகாக வந்தது, கத்தியும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டே நாளில் தையல் முழுவதும் அறுந்து வாயைப் பிளந்துவிட்டது. சித்தப்பா நூல்காரரைத் திட்டினார்.

நான் அந்த உறையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். கத்தியின் வாய் போய் உட்காருகிற இடமும் நூல் இருக்கிற இடமும் ஒன்றாகவே இருந்தன. ஒவ்வொரு தடவை கத்தியை உருவும்போதும் அது நூலைத்தான் அறுக்கிறது.

"நடுவுலே இன்னொரு துண்டு வெச்சுத் தைச்சா கத்தி அதுமேலேதானே படும்?" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். போகட்டும். மூன்றாவது உறையில் இரண்டு விளிம்புக்கும் நடுவில் விரலகலப் பட்டை ஒன்றை வைத்து, நூலுக்குப் பதில் கடையிலிருந்து கொண்டுவந்த செம்புக் கம்பியால் தைத்தார். கத்தியை உள்ளே விட்டால் 'டக்' என்று உட்கார்ந்தது. ஒரு இழுப்பில் வந்தது. அத்தை பத்துத் தடவை உருவிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

இங்கேதான் நான் நுழைந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு உண்டு. தையல் டீச்சருக்கு என் தையலைக் கண்டால் ஆகாது. நான் தைத்த பட்டனைப் பிடித்து இரண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டுவார், அது பறந்து போய் விழும். "ஊதினாலே வந்துடும் உன் தையல்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவார். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அழுகை முட்டும். ஆகவே, உறைக்கு ஒரு வார் தைத்து, கத்திப் பிடியின்மேல் குறுக்கே போட்டு, பிரஸ் பட்டன் வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியதும் விடுவேனா? பழைய ஸ்கூல் பையிலிருந்து வாரையும் பட்டனையும் வெட்டி எடுத்துத் தைத்தேன். இனி பஸ் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் கத்தி வெளியே வராது.

அத்தை அதை இடுப்பில் செருகினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை வேகமாகப் போனது. பட்டனில் தட்டுப்பட்டு நின்றது. விரலால் நெம்பினாள். பட்டன் இறுக்கம், இன்னொரு கையால் உறையைப் பிடித்துக்கொண்டால்தான் திறந்தது.

"பட்டன் வேணாம் கண்ணு" என்று சொல்லி, அந்தக் கத்தியாலேயே வாரை அறுத்து என் கையில் கொடுத்தாள்.

நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. கோபித்துக்கொள்ளாதே என்று அத்தை எவ்வளவோ தாஜா செய்தாள். வீட்டிலும் என் தையலுக்கு மதிப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு யாராவது வெங்காயம் நறுக்குவார்களா, இது என்ன பரீட்சை என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன்.

உறை வந்ததும் எல்லாம் சரியாயிற்று. அத்தை மறுபடியும் பஸ்ஸில் போனாள். கண்டக்டர் உறையைக் கையில் வாங்கிப் பார்த்து, இடம் வலம் மாறியிருந்த கன்னட எழுத்தைப் படிக்க முயன்று, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாராம். காபி நேரத்துக்குப் போயிற்று. வயதான அம்மாள் வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை. அப்பா கோலாரைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தையல் டீச்சர் மறுபடியும் என் பட்டனைச் சுண்டிவிட்டார். அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் அத்தை குளிக்கப் போன நேரத்தில் உறையை எடுத்தேன். நூலை இரட்டையாக்கி, மெழுகுவத்தியில் தேய்த்து, வாரை மறுபடியும் உறையில் வைத்து ஒவ்வொரு ஓட்டையிலும் எட்டு முறை சுற்றித் தைத்தேன். மூன்று முடிச்சுப் போட்டேன். பல்லால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கத்தியை உள்ளே விட்டு, பட்டனை அழுத்திப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அத்தை எப்போதும்போல் அவசரத்தில் பார்க்காமல் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடியபடியே பஸ்ஸுக்கு ஓடினாள். சாயந்திரம் வந்து என்ன சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன்.

பத்து மணிக்கே வந்துவிட்டாள். நான் சந்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கிற பக்கத்திலிருந்து வராமல், எதிர்ப்பக்கமாக நடந்து வந்தாள். காலில் செருப்பு இல்லை. ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. வலது கை மணிக்கட்டு வரை சிவந்து கன்றியிருந்தது. இடது கையில் உறையைப் பிடித்திருந்தாள். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. நேராக உள்ளே போனாள். அம்மா கதவைச் சாத்தினாள்.

என்னைப் போன்ற பெண்ணுக்குக் கதவைச் சாத்தினால் ஜன்னல் இருக்கிறது. போய் நின்றேன். எல்லாம் கேட்கவில்லை. "அந்தம்மாவ நேத்து ராத்திரியே மைசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம் அண்ணி. எனக்குத் தெரியாது. குளிக்க ஊத்தணும்னு அடுப்பு மூட்டிட்டேன்" என்றாள் அத்தை. அப்புறம் குரல் தணிந்தது. அப்புறம், "கத்தி வரலே. அடுப்புலே வெந்நீர் கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. அதான் கைக்குக் கெடச்சுது, தூக்கி ஊத்திட்டு ஓடியாந்தேன்" என்றாள். அம்மா அழுகிற சத்தம் கேட்டது. வெந்நீர் என்ற பேச்சு வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பாவம் அத்தை, அவர்கள் வீட்டுப் பக்கெட்டையும் இவள் கெடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டாள். கையில் இங்க் தடவியிருந்தார்கள், தீப்புண்ணுக்கு அந்தக் காலத்து வைத்தியம் அது. மடியில் உறை. பட்டன் நான் போட்டது போட்டபடியே இருந்தது. அதை இரண்டு கையாலும் திறந்தாள். முதல் தடவை திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தது. அடி விழப்போகிறது என்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"நீதான் தைச்சியா?"

தலையாட்டினேன்.

அவள் என்னைத் திருப்பி நிறுத்தி, ரொம்ப நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் தலையைத் தடவினாள்.

"நல்லா தைச்சிருக்கே" என்றாள். "எவ்ளோ இழுத்தேன் தெரியுமா. பிரியவே இல்லே."

என் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா? சாயந்திரம் சித்தப்பா வந்ததும் ஓடிப்போய், அத்தை என் தையலைப் பாராட்டினாள் என்று சொன்னேன். அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். சித்தப்பா வெளியே போய்க் கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கோலார் பேச்சை எடுக்க வாயைத் திறந்தபோது, அம்மா, "அவ இங்கேதான் இருப்பா. வேலை இருந்தாலும் இல்லேன்னாலும்" என்றாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அதோடு அந்த நிபந்தனை போயிற்று.

ஒரு மாதத்தில் அத்தைக்குப் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. அங்கே சமையலறை முழுக்கப் பெண்கள். கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்டேன். "அங்கே கத்தி இருக்கு" என்றாள். இந்தப் புத்தி முன்னாலேயே வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட அழைத்துக்கொண்டு போவதையும் நிறுத்திவிட்டாள். அதில் எனக்கு வருத்தம்தான்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான், பேச்சோடு பேச்சாக, அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை கூசியது. இன்றைக்கும் ஒரு பட்டன் தைக்க உட்கார்ந்தால் கூசுகிறது. அத்தை அப்போது பக்கத்து அறையில் என் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் துணி மடித்தேன். அவள் சாகும்வரை அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் வந்த திங்கட்கிழமை, நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தையல் வகுப்பு ஆரம்பிக்கும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. வராந்தாவில் வந்துகொண்டிருந்த டீச்சரை வழி மறித்து, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னேன்.

"நான் தைச்ச பட்டனு, டீச்சர். எங்க அத்தே ரெண்டு கையாலே இழுத்தும் வரவே இல்லையாம்."